தொடர்மாடி முகாமையும் தலைமைப் பண்பும்

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தலைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது மனக்கண் முன்னே தோன்றுபவர் யாவர்? மேடையிலே முழங்கும் பேச்சாளர், சட்டசபையிலே வாதிடும் பிரதிநிதி, படையை நடத்திச் செல்லும் தளபதி. இவர்களைப் பற்றிப் பேசப் பலர் உளர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இவர்களிலும் எளிய ஒருவரைப் பற்றியது. தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலே, ஒரு சிறு மேசையின் முன்னே, திறப்புக்கோர்வை ஒன்றுடனும் முறைப்பாட்டுக் கொப்பி ஒன்றுடனும் அமர்ந்திருக்கும் முகாமையாளரே அவர். அவருக்குத் தலைமைப் பண்பு வேண்டுமா, வேண்டுமாயின் அதனை வளர்ப்பது எவ்வாறு என்பதே நமது பொருள்.

இது நமக்கு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். நமது முன்னோர் வாழ்ந்த வாழ்வையும் நாம் இன்று கொழும்பிலே வாழும் வாழ்வையும் ஒப்பிட்டுப் பார்ப்போமாக. ஊரிலே ஒரு வளவு இருந்தது. அதனைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. வளவுக்குள் ஒரு கிணறு இருந்தது. வேலிக்கு இப்பால் உள்ளது நமது, அப்பால் உள்ளது அயலவரது. எல்லைச் சண்டை வந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து தீர்த்து வைத்தார். இன்றோ வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே ஒருவர் தலைக்கு மேல் மற்றொருவர் குடியிருக்கின்றோம். நமது கூரை மேல்வீட்டாரின் தரை; அவர்கள் குளியலறைக் குழாய் கசிந்தால் நமது சுவர் நனைகின்றது. படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, வாகனத் தரிப்பிடம் யாவும் எல்லோருக்கும் பொது. வேலி போய்விட்டது, ஆனால் வேலிச் சண்டையைத் தீர்த்து வைத்த பெரியவரின் இடம் வெறுமையாக இருக்கின்றது.

அன்றியும் இங்கு வாழ்பவர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். யுத்த காலத்திலே வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தங்கியவர் பலர். வீட்டை வாங்கிவிட்டுக் கடல் கடந்த நாடுகளிலே வாழும் உரிமையாளர் பலர். பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, ஐந்தாம் மாடியிலோ ஆறாம் மாடியிலோ தனித்திருக்கும் முதியோர் பலர். அந்த முதியவருக்கு மின்தூக்கி நின்றுவிட்டால் உலகமே நின்றுவிடுகின்றது. இரவிலே நெஞ்சு வலித்தால், தொலைவிலிருக்கும் மகனுக்கு முன்னே அறிபவர் முகாமையாளரும் காவலாளியுமே. ஆகவே இப்பதவியை யார் எவ்விதம் வகிக்கின்றார் என்பது நமது தாய் தந்தையரின் உயிரோடு தொடர்புடைய காரியம்.

சட்டம் இதனைக் கவனியாது விடவில்லை. 1973ஆம் ஆண்டிலே நமது நாட்டில் தொடர்மாடி வீட்டுரிமை பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு உரிமையாளர் யாவரும் உறுப்பினராக உள்ள முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று பொதுப் பகுதிகளைப் பராமரிக்கவும், அதற்கான பணத்தை உரிமையாளரிடமிருந்து அறவிடவும் சட்டம் வழி செய்கின்றது. 2003ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட திருத்தங்களின் பின்னர், இவற்றை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்னும் பெயரைப் பெற்றது. எனினும், சட்டம் ஒருவருக்கு ஆசனத்தைத் தரலாம். அயலவரின் நம்பிக்கையைத் தர இயலாது. அதனை அவரே சம்பாதித்தல் வேண்டும்.

இப்பதவியின் இயல்பு விசித்திரமானது. அலுவலகத்து அதிகாரி தமக்குக் கீழ்ப்பட்டவரை ஏவலாம், இடம் மாற்றலாம், தண்டிக்கலாம். தொடர்மாடி முகாமையாளரோ தமக்குச் சம்பளம் தருபவர்களையே ஒழுங்குபடுத்த வேண்டியவராக இருக்கின்றார். நாற்பது வீடு இருப்பின் அவருக்கு நாற்பது எசமானர். ஒவ்வொருவரும், "நாம் பணம் கொடுத்து வாங்கிய வீடு, எம்மைக் கேட்க இவர் யார்?" என்று நினைக்கின்றனர். அவரிடம் வாள் இல்லை, பிரம்பு இல்லை. நடத்தை ஒன்றே அவருடைய கருவி. இந்நிலையிலே ஒருவர் தலைவராக விளங்குவாராயின் அவரை எங்கும் தலைவராக வைக்கலாம். ஆகையினாலேயே இதனைத் தலைமைப் பயிற்சிக்கு உகந்த பள்ளிக்கூடம் என்கின்றோம்.

இப்பள்ளிக்கூடத்தின் பாடங்களை உலக வரலாற்றிலிருந்து மூன்று சான்றுகளால் விளக்க விரும்புகின்றோம்.

முதலாவது சான்று நமது மொழி வழங்கும் நாட்டிலிருந்தே கிடைக்கின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரிலே கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் இரண்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறை அவற்றிலே கூறப்பட்டுள்ளது. அது நிலமுடைய பிராமணர் சபை. ஊரவர் எல்லோருக்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயின் அங்கே விதிக்கப்பட்ட ஒரு தகுதியின்மை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. முன்னர் வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்திலே இடலாகாது. அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. பதவிக் காலமும் 360 நாட்களே.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே ஏரியைக் காப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் எனக் கல்லிலே வெட்டி வைத்தனர். இன்று தண்ணீர்த் தாங்கியைக் காப்பவர் கணக்குக் காட்டுகின்றாரா? பல கட்டடங்களிலே மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதோரைப் பற்றிக் குறை கூறுகின்றனர். ஏன் கட்டவில்லை என்று விசாரித்தால், "பணம் எங்கே போகின்றதெனத் தெரியவில்லை" என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது. கணக்கு மூடியிருக்கும் இடத்திலே கையும் மூடிக்கொள்கின்றது.

இரண்டாவது சான்று இங்கிலாந்திலிருந்து. 1865ஆம் ஆண்டிலே ஒக்ரேவியா ஹில் என்னும் மாது, இலண்டன் மரிலிபோன் பகுதியிலே பாழடைந்த மூன்று வீடுகளின் நிர்வாகத்தை ஏற்றார். அறிஞர் ஜோன் ரஸ்கின் அவற்றை வாங்கிக் கொடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருமானம் வரவேண்டும் என்று கூறியிருந்தார். அங்கே வாழ்ந்தவர்கள் பரம ஏழைகள். ஒக்ரேவியா செய்தது யாது? வாரந்தோறும் தாமே வீடு வீடாகச் சென்று வாடகை வாங்கினார். வாடகை நிலுவை வைக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அதே கண்டிப்போடு, ஒழுகும் கூரையையும் உடைந்த படியையும் திருத்தும் தமது கடமையையும் தவறவிடவில்லை. பழுது பார்ப்பதற்கென ஒதுக்கிய பணத்திலே எஞ்சியதைக் கொண்டு, குடியிருப்போர் விரும்பிக் கேட்ட வசதிகளையே செய்து கொடுத்தார். ஆகவே கட்டடத்தைக் கெடுப்பவர் தமது வசதியையே கெடுப்பவராயினர். பேணுபவர் அதன் பலனைத் தாமே கண்டனர்.

இம்முறை வெற்றி பெற்றது. 1884ஆம் ஆண்டிலே இங்கிலாந்துத் திருச்சபையின் ஆதனங்களை நிர்வகித்தோர் சதக் பகுதியிலிருந்த தமது வீடுகளையும் அவரிடம் ஒப்படைக்கத் தொடங்கினர். இந்த வேலைக்கென அவர் பல பெண்களைப் பயிற்றுவித்தார். வீட்டு முகாமை ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு அவருடைய முயற்சி பெருங் காரணமாயிற்று. வாடகைப் பணத்தை வாங்க வாசலுக்குச் சென்றவர், அந்த வாசலிலே நின்று அந்தக் குடும்பத்தின் நோயையும் வேலையின்மையையும் பிள்ளைகளின் படிப்பையும் அறிந்துகொண்டார். தலைமைக்கு வேண்டிய அறிவு அவ்வாறு கால் நடந்து பெறும் அறிவே. கண்டிப்பு ஒரு கை, கடமை மறு கை. இரண்டும் சேர்ந்தாலன்றி ஓசை எழாது.

மூன்றாவது சான்று துயரமானது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆந் திகதி அதிகாலையிலே, இலண்டன் மாநகரின் வட கென்சிங்ரன் பகுதியிலிருந்த கிரென்பெல் கோபுரம் என்னும் 24 மாடிக் கட்டடம் தீப்பற்றியது. 72 பேர் மாண்டனர். புதுப்பிக்கும் வேலையின்போது வெளிச்சுவரிலே பொருத்திய எரியுந்தன்மையுள்ள பலகைகளே தீயை அவ்வளவு விரைவாகப் பரப்பின. பழி பலரைச் சார்ந்தது. ஆயினும் 2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே வெளியான விசாரணை ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை, கட்டடத்தை நிர்வகித்த நிறுவனத்துக்கும் குடியிருந்தோருக்கும் இடையே நிலவிய அவநம்பிக்கையையும் எடுத்துக் காட்டியது. தீ அபாயம் பற்றிப் பலமுறை முறையிட்டவர்கள் குடியிருப்பாளருள் இருந்தனர். அவ்வாறு ஓயாது குறை கூறியோரைக் குழப்பக்காரராகவே நிர்வாகம் நோக்கியது. தீயைத் தடுக்கும் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்வதற்கான கருவிகள் பல பழுதடைந்தும் கவனிக்கப்படாமற் கிடந்தன.

கதவை மூடும் சிறு கருவி ஒன்று உயிரைக் காக்கும் என்று சாதாரண நாளிலே யார் நினைப்பர்? முறைப்பாடு செய்பவர் பெரும்பாலும் இனிய முகத்தோடு வருவதில்லை. ஒரே குறையைப் பத்தாந் தடவையும் கூறுவார், குரலை உயர்த்துவார், சில வேளை தவறாகவும் கூறுவார். ஆனால் அந்தப் பத்துத் தடவைகளுள் ஒரு தடவை அவர் கூறுவது உண்மையாக இருந்து, நாம் செவிமடுக்காது விட்டோமாயின் அதன் விலை என்ன என்பதைக் கிரென்பெல் நமக்குக் கூறுகின்றது. தொல்லை தருபவரைக் காவற்காரராகக் கருதப் பழகுதல் வேண்டும்.

இம்மூன்று பாடங்களும் நமது நகரத்திலும் பரீட்சைக்கு வந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி தொடங்கிய ஊரடங்கு கொழும்பிலே இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. பின்னர் 2022ஆம் ஆண்டிலே பொருளாதார நெருக்கடி முற்றி, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. டீசலுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையிலே நின்றனர். தொடர்மாடியிலே மின்சாரம் இல்லையெனில் வெளிச்சம் மட்டுமா இல்லை? கீழ்த் தாங்கிக்கு வந்த தண்ணீரை மேல் தாங்கிக்கு ஏற்றும் பம் இயங்காது. ஆகவே தண்ணீரும் இல்லை. மின்தூக்கியும் இல்லை. கையிலிருக்கும் சிறிதளவு டீசலை ஜெனரேற்றருக்கு ஊற்றினால், அதனைத் தண்ணீருக்குச் செலவிடுவதா, மின்தூக்கிக்குச் செலவிடுவதா, எந்த வேளையிலே எவ்வளவு நேரம் என்னும் கேள்வி எழுகின்றது. கீழ்மாடியார் ஒன்று கேட்பர். மேல்மாடியார் வேறொன்று கேட்பர்.

முன்னரே கணக்கைத் திறந்து வைத்து, எல்லோரையும் சமமாக நடத்திய முகாமையாளர், "காலையிலே ஒரு மணித்தியாலம், மாலையிலே ஒரு மணித்தியாலம், முதலில் தண்ணீர், பின்னர் மின்தூக்கி, நோயாளருக்கு மட்டும் விலக்கு" என்று அறிவித்தால் அனைவரும் முணுமுணுத்தாவது ஏற்றுக்கொள்வர். அதுவரை எவர் நம்பிக்கையையும் பெறாதவர் இதே சொற்களைக் கூறினால் கலகமே மூளும். நெருக்கடி வந்த நாளிலே தலைமையைத் தேடிப் பெற முடியாது. மழைக்கு முன்னே கூரை வேய்வது போல, அது சாதாரண நாட்களிலே சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்க வேண்டிய செல்வம்.

இனி, அதனைச் சேர்க்கும் வழிகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, நடத்தல். நாள்தோறும் காலையிலே மேல்மாடித் தளத்திலிருந்து கீழ்த்தளம் வரை படி வழியாக இறங்கிப் பார்த்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு நமது கட்டடங்களின் இரும்பை ஓயாது அரிக்கின்றது. சீமெந்திலே தோன்றும் சிறு வெடிப்பையும் துருக்கறையையும் முதலில் காண்பவர் முகாமையாளராக இருத்தல் நன்று. மேசையில் அமர்ந்திருப்பவருக்குச் சுவர் முறைப்பாடு எழுதிக் கொடுக்காது.

இரண்டாவது, எழுதல். முறைப்பாட்டின் திகதி, செய்த வேலை, முடிந்த நாள் மூன்றும் கொப்பியிலே பதியப்படல் வேண்டும். செய்ய இயலாததாயின், ஏன் இயலாது என்பதை முறைப்பாடு செய்தவரிடம் கூறல் வேண்டும். "இல்லை" என்னும் விடையை மனிதர் பொறுப்பர். விடையே இல்லாமையைப் பொறுக்கமாட்டார்.

மூன்றாவது, கணக்கு. மாதந்தோறும் வரவு செலவை அறிவித்தற் பலகையிலே ஒட்டுதல் வேண்டும்; வெளிநாட்டிலுள்ள உரிமையாளருக்கும் அனுப்புதல் வேண்டும். அவசரச் செலவுக்கென ஒதுக்கு நிதி வேண்டும் என்பதை எண்களாலே விளக்குதல் வேண்டும். உதாரணமாக, நாற்பது வீட்டார் மாதம் ஆயிரம் ரூபா வீதம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா சேரும். ஐந்து ஆண்டிலே 24 இலட்சம். மின்தூக்கி பழுதுபட்ட அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்று 60 ஆயிரம் ரூபா கேட்பதிலும், மாதம் ஆயிரம் கேட்பது எளிதன்றோ!

நான்காவது, நடுநிலை. குழுத் தலைவரின் மைத்துனர் பிறர் தரிப்பிடத்திலே வாகனத்தை நிறுத்தினாலும், வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பத்தார் நிறுத்தினாலும் விதி ஒன்றே. உரிமையாளர், வாடகையாளர் என்றோ, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்றோ வேற்றுமை காட்டும் முகாமையாளர் அன்றே தமது தலைமையை இழந்தவராவார். அறிவித்தலைக் குடியிருப்போர் வாசிக்கத்தக்க மொழிகள் எல்லாவற்றிலும் எழுதுவதும் இந்நடுநிலையின் பாற்பட்டதே. மாற்றாரின் மொழியிலே நாலு வார்த்தை பேசத் தெரிந்த முகாமையாளருக்குப் பாதிப் பிணக்குகள் எழுவதேயில்லை.

ஐந்தாவது, சொல். இக்காலத்திலே ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. நள்ளிரவிலே அதிலே சண்டை மூளுவதும் உண்டு. அங்கே பதிலுக்குப் பதில் எழுதுதல் வேண்டாம். மறுநாட் காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, என்ன நடந்தது? சொல்லுங்கோ" என்று கேட்டால் போதும். முகத்தைப் பார்த்துப் பேசும்போது கோபம் பாதியாகக் குறைகின்றது.

ஆறாவது, உடன் உழைப்போரை மதித்தல். இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளிக்கும், குப்பை அள்ளும் தொழிலாளிக்கும் இருக்க ஒரு கதிரை, குடிக்க நல்ல தண்ணீர், ஒதுங்க ஒரு கழிப்பறை உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அவர்களை ஒருமையிலே அதட்டும் குடியிருப்பாளரைப் பணிவாகத் தடுக்கும் துணிவும் வேண்டும். கட்டடத்தை உண்மையிலே அறிந்தவர்கள் அவர்களே. மதிக்கப்பட்டாலன்றித் தாம் அறிந்ததைக் கூறார்.

இளைஞர்களே! நமது சமய மரபிலே தலைமைக்கும் தொண்டுக்கும் இடையே பிளவு இல்லை. திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தைப் பாருங்கள். அவர் கையிலே இருப்பது யாது? உழவாரப்படை, கோயில் வீதியிலே முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. மன்னரும் வணங்கிய பெருமான், திருவீதியைத் துப்புரவாக்குதலைத் தமது பணியாகக் கொண்டார். நாம் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வீதியைக் கூட்டுகின்றோம். திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றோம். அதே கைகள் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டைக் கண்டு ஏன் பின்வாங்குகின்றன? ஆறாம் மாடியிலே தனித்திருக்கும் மூதாட்டிக்குத் தண்ணீர் கிடைக்கின்றதா என்று பார்ப்பதும் சிவத்தொண்டே.

ஆகவே நாம் உங்களிடம் கேட்பது பெரிய காரியமன்று. உங்கள் கட்டடத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். வீட்டுரிமை பெற்றோரின் பெயரிலே இருப்பின், அவர்களோடு சென்று கேட்டிருங்கள். அவர்கள் அனுமதித்தால் அவர்கள் சார்பிலே செல்வதற்குரிய வழியை விசாரியுங்கள். காலியாகக் கிடக்கும் செயலாளர் பதவிக்கோ தனாதிகாரி பதவிக்கோ முன்வாருங்கள். ஊரிலே எவரும் விரும்பாத பதவி அதுவாகவே இருக்கும். கணக்கிலே வல்லவர் கணக்கை எடுங்கள். பொறியியல் கற்றவர் பம்பையும் மின் இணைப்பையும் பாருங்கள். மருத்துவம் கற்பவர் தனித்திருக்கும் முதியோரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் காவலாளியிடம் கொடுங்கள். ஓர் ஆண்டு செய்து, கணக்கை ஒப்படைத்து, மற்றொருவரைப் பழக்கிவிட்டு விலகுங்கள். தமக்குப் பின் வருபவரை உருவாக்காத தலைமை தம்மோடு முடிந்துவிடும்.

நாளை நீங்கள் ஒரு வங்கியையோ பாடசாலையையோ ஒரு மாநகரத்தையோ நிர்வகிக்கலாம். அங்கே உங்களுக்கு அதிகாரம் இருக்கும்; பட்டம் இருக்கும்; ஏவலாளர் இருப்பர். அவை எதுவுமின்றி நாற்பது குடும்பங்களை ஒற்றுமையாக வாழச் செய்த பழக்கம் உங்களுக்கு முன்னரே இருக்குமாயின், அந்த அதிகாரம் உங்களைக் கெடுக்க மாட்டாது. ஊர் கூடித் தேர் இழுக்கும் மரபிலே வந்தவர்கள் நாம். வடத்திலே கை வைக்க இன்னும் பலர் வேண்டும்.